கமலா திரும்பவும் எலக்சன் கேட்பாவா?

இரவு கடைசி ஓடர் முடிந்து, எண்ணெய்ச் சட்டி ஆறும்வரைக்கும் எங்கள் குசினியில் அரசியல் கதைப்பது வழக்கம். போன கிழமை கதை கமலா ஹரிஸில் வந்து நின்றது. கோப்பை கழுவ வரும் தம்பி மன்னார்குடிப் பக்கம், இங்கே கொலிச்சில் படிக்கிறான். கமலாவின் தாத்தா பி.வி. கோபாலனின் துளசேந்திரபுரம் அவனுடைய ஊருக்குக் கிட்டத்தான். "2028ல கண்டிப்பா நிப்பாங்க அண்ணே" என்றான். எங்கள் பெரிய சமையற்காரர் யாழ்ப்பாணத்து அண்ணை. "அவ இனி வரமாட்டா, நீ கழுவு" என்றார். பந்தயம் ஒரு பெரிய டபிள் டபிள் கோப்பி. நடுவர் நான். கம்பஸ் மிதித்தவன் என்று இந்தக் குசினியில் எனக்கு ஒரு மரியாதை. (படிப்பை முடிக்காமல் வந்ததை நான் அடிக்கடி ஞாபகப்படுத்துவதில்லை.)

நடுவர் என்றால் தீர்ப்புச் சொல்லவேண்டும். யோசித்துப் பார்த்தேன்.

2025 யூலை கடைசியில் கலிபோர்னியா ஆளுநர் பதவிக்குப் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தார். செப்டெம்பரில் '107 டேய்ஸ்' என்ற புத்தகம் வந்தது. அது 2024இல் அவர் ஓடிய 107 நாள் ஓட்டத்தின் கதை. ஒக்டோபரில் பிபிசிக்குக் கொடுத்த பேட்டியில், திரும்பவும் நிற்கக்கூடும், தன் வேலை இன்னும் முடியவில்லை என்ற மாதிரிச் சொன்னார். ஆளுநர் கதவைச் சாத்தியவர் மற்றக் கதவைச் சாத்தவில்லை. 1960இல் தோற்ற நிக்சன் 1962இல் அதே கலிபோர்னியாவில் ஆளுநருக்கு நின்று அதிலும் தோற்றார். ஆனாலும் 1968இல் ஜனாதிபதித் தேர்தலில் வென்றார். கமலா அந்த நடுச் சறுக்கலைத் தவிர்த்துவிட்டார் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

ஆனால் ஒரு விசயத்தைப் பலர் கவனிப்பதில்லை. கமலா உட்கட்சித் தேர்தலில் ஒருமுறையேனும் வாக்குப் பெட்டி வரைக்கும் போனதில்லை. 2019 ஜனவரியில் ஓக்லாண்டில் இருபதாயிரம் பேரைக் கூட்டிக்கொண்டு தொடங்கினார். டிசெம்பர் 3ஆம் திகதி, முதல் மாநிலமான ஐயோவா வாக்களிக்க முதலே, காசில்லை என்று விலகினார். 2024 யூலை 21இல் பைடன் விலகியபோது வேட்பாளர் இடம் போட்டியில்லாமல் வந்து சேர்ந்தது. நவம்பரில் 226க்கு 312 என்று ட்ரம்பிடம் தோற்றார். கடைசிச் சோதனை எழுதாமல் வந்தவன் நான். தோற்ற சோதனையை மறந்துவிடலாம், எழுதாத சோதனை விடாமல் பின்னால் வரும். கமலாவுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மறுபக்கமும் உண்டு. 1991 டிசெம்பரில் நியூயோர்க் ஆளுநர் மரியோ குவோமோவுக்காக அல்பனி விமான நிலையத்தில் விமானம் காத்து நின்றது. நியூ ஹாம்ப்ஷயருக்குப் பறந்து மனுத் தாக்கல் செய்யவேண்டியதுதான் பாக்கி. கடைசியில் அவர் ஏறவேயில்லை. வரப்போகிறார், வரப்போகிறார் என்பதிலேயே ஒருவருக்கு மதிப்பு இருக்கிறது. வரமாட்டேன் என்று சொன்ன அடுத்தநாள் பேட்டிக்கும் ஆள் வராது.

இனி எங்கட கதை. 2020 ஓகஸ்டில் மேடையில் அவர் 'சித்தி' என்று சொன்னபோது ஸ்காபரோவில் எத்தனை வீட்டில் கைதட்டினார்கள் தெரியுமா? நானும் தட்டினேன். அவர் மொன்றியலில் வளர்ந்து, 1981இல் வெஸ்ட்மவுண்ட் ஹைஸ்கூலில் படித்து முடித்தவர் என்பதில் இன்னும் கொஞ்சம் புளுகம். அடுத்த வருசம் யூனில் அதே கமலா குவாத்தமாலாவில் நின்றுகொண்டு, அமெரிக்க எல்லைக்கு வர நினைப்பவர்களைப் பார்த்து "வராதீர்கள்" என்றார். ஒருமுறை இல்லை, இரண்டுமுறை. அகதியாய் இறங்கிய எனக்கு அது நெஞ்சில் பட்டது. படிக்கப்போய் அங்கேயே தங்கிய ஒரு தாயின் மகள் சொன்னபடியால் கூடுதலாய்ப் பட்டது.

ஊரில் எங்கள் பக்கத்து வளவுப் பெடியன் ஒருவன் நியூ ஜெர்சியில் காஸ் ஸ்ரேசனில் நிற்கிறான். அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருக்கிறது. "அண்ணை, கமலா வந்தா எங்களுக்கு நல்லதோ?" என்று ரெலிபோனில் கேட்கிறான். அவனுக்கு இது கோப்பிப் பந்தயமில்லை.

அவனுக்கு நான் பொய் சொல்ல விரும்பவில்லை. 2009 மே 10ஆம் திகதி நாங்கள் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி நின்றபோது வெள்ளை மாளிகையில் ஒபாமா இருந்தார். எத்தனை நம்பிக்கை வைத்தோம்! சவேந்திர சில்வாவுக்கு அமெரிக்கா நுழைவுத்தடை போட்டது 2020 பெப்ரவரியில், ட்ரம்பின் முதல் ஆட்சியில். கனடா 2023 ஜனவரியில் மகிந்தவுக்கும் கோத்தபாயவுக்கும் தடை போட்டபோது பிரதமர் ட்ரூடோ. இவர்களில் ஒருவருக்கும் மன்னார்குடியில் தாத்தா இல்லை. நடந்தது கொஞ்சமோ கூடவோ, அது சனம் தெருவில் நின்று, கடிதம் எழுதி, எம்பிமாரின் கதவைத் தட்டி நடந்தது. இரத்த உறவு பார்த்து எந்த அரசும் எங்களுக்கு ஒன்றும் தரவில்லை.

சரி, தீர்ப்பு. கமலா கேட்பா என்றுதான் நான் நினைக்கிறேன். ஒபாமா 2007 பெப்ரவரியில் அறிவித்தார், கமலாவே 2019 ஜனவரியில் அறிவித்தார். இடைக்காலத் தேர்தல் முடிந்து அடுத்த மாதங்களில்தான் இப்படியான அறிவிப்புகள் வரும். அந்தக் கணக்கில் 2026 நவம்பருக்குப் பிறகுதான் பதில். வெல்லுவாவா என்பது வேறு கேள்வி. கலிபோர்னியா ஆளுநர் நியூசமும் அதே மாநிலத்தில் அதே கண்ணோடு இருக்கிறார்.

தம்பிக்குக் கோப்பி கிடைக்கும் என்று சொன்னேன். அண்ணை முறைத்தார்.

நியூ ஜெர்சிப் பெடியனுக்குச் சொன்னது வேறு: "ஆர் வந்தாலும் உன்ர வழக்குத் திகதியை விடாதை. லோயர் கேட்ட பேப்பரெல்லாம் ஒரு பைலில் கவனமாய் வை. கமலா வாறாவோ இல்லையோ, நீ அந்தத் திகதிக்குப் போய் நில்."