வயலுக்கு மேலே படகு

கேரளாவில் ஆலப்புழாவிலிருந்து சங்கனாச்சேரி போகும் சாலை பெரும்பாலும் சமதளம். சைக்கிள் மிதிப்பது சுலபம். கடந்த ஜனவரியில் அந்த வழியாகப் போனபோது, கரைக்கு ஒரு பக்கம் நெற்பயிர், மறுபக்கம் ஆறு. படகு உயரத்தில் போகிறது. பயிர் பள்ளத்தில் நிற்கிறது!

இதுதான் குட்டநாடு. கடல் மட்டத்தைவிட 2 மீட்டர் வரை தாழ்ந்த வயல்கள் இங்கே உண்டு. மழைக்காலம் முடிந்ததும் தண்ணீரை இறைத்து வெளியேற்றி, புஞ்சை நெல் விதைத்து, மார்ச், ஏப்ரலில் அறுக்கிறார்கள். இறைப்பதற்கு 'பெட்டியும் பறையும்' என்ற மோட்டார் இறைவைப் பெட்டி.

தனி ஆளால் இது ஆகாது. ஒரே வெளிக்கரைக்குள் அடங்கிய வயல்களுக்குப் 'பாடசேகரம்' என்று பெயர். இறைப்பது, விதைப்பது, கரையைக் காப்பது எல்லாமே சேர்ந்துதான். ஓரிடத்தில் கரை உடைந்தால் எல்லோர் பயிரும் மூழ்கும்.

'என் வயலில் மட்டும் வடிகால் வெட்டினால் போதுமா?' என்று டெல்டா வாசகர்கள் கேட்கிறீர்கள். போதாது. கீழ்வயல்காரரின் வாய்க்கால் தூர்ந்திருந்தால், உங்கள் தண்ணீர் எங்கே போகும்? ஒரே வடிகாலை நம்பியிருப்பவர்கள் செப்டம்பருக்குள் கூடிப் பேசி, கடைமடையிலிருந்து மேல்நோக்கித் தூர் வாருங்கள். வடகிழக்குப் பருவமழை வந்தபிறகு மண்வெட்டி எடுத்துப் பயனில்லை.