அடியில ஆழம், மீட்டர்ல மோட்டார், கிலோவுல குழாய்

விவசாயிக்குக் கணக்குத் தெரியாது, அதனாலதான் மோட்டார் கருகுதுன்னு சென்னை நண்பர் ஒருத்தர் சொன்னார். அவருக்குத்தான் இந்தப் பதிவு.

எங்க உடன்குடிப் பக்கம் போர் போடுறவர் அடிக்கு இவ்வளவுன்னு காசு வாங்குறார். தண்ணி எத்தனை அடியில கிடக்குன்னுதான் ஊரே பேசும். அந்தத் தண்ணியைத் தூக்குற மோட்டார்த் தகட்டில் ‘ஹெட்’ மீட்டரில் இருக்கும். பிவிசி குழாயில் 4 கிலோ, 6 கிலோ. சொட்டுநீர் கேஜில் முள் ஒண்ணு, கணக்கு ரெண்டு: கிலோவும் பிஎஸ்ஐயும். எல்லாம் ஒரே சங்கதிதான், நிற்கிற தண்ணியோட கனம். 10 மீட்டர் உயரத் தண்ணி ஒரு சதுர சென்டிமீட்டர் மேல 1 கிலோவா அழுத்தும். அந்த 10 மீட்டர் கிட்டத்தட்ட 33 அடி. ஒரு பிஎஸ்ஐன்னா 2.31 அடி. கடையில இதை யார் சொல்லித் தர்றா?

எங்க சித்தப்பா தென்னைக்கு மோட்டார் வாங்கப் போனார். குழாய் உராய்வையும் சேர்த்து 100 ஹெட் வேணும்னு அடிக்கணக்கில் கேட்டார். டவுன் கடைக்காரர், “பெரிசாவே இருக்கட்டும் அண்ணாச்சி”ன்னு 100 மீட்டர் மோட்டாரைக் கட்டி அனுப்பிட்டார். அது 328 அடி! அவ்வளவு உயரத்துக்குச் செஞ்சதைத் தாழ்வுல ஓட்டினா தண்ணியை அளவுமீறித் தள்ளும், ஆம்பியர் ஏறும், காயில் கருகும். கருகுச்சு.

காயிலைத் திரும்பக் கட்டிக்கலாம். தண்ணியை என்ன செய்ய? கடலோரத்துல நல்ல தண்ணி உப்புத்தண்ணி மேல மிதக்குது. கடல்நீர் சுமார் நாற்பதில் ஒரு பங்கு கனம் கூட. அதனால கடல்மட்டத்துக்கு மேல 1 அடி நல்ல தண்ணி நின்னா, கீழே சுமார் 40 அடிக்கு உப்பை அமுக்கி வைக்கும். அந்த 1 அடியை உறிஞ்சிட்டா உப்பு 40 அடி மேலே வரப் பார்க்கும். தேவைக்கு மேல இழுக்கிற மோட்டார் இந்த மண்ணுக்குச் செய்யுற வேலை இது. சித்தப்பா தோட்டத்துத் தண்ணியை இப்ப மாடு மோந்து பார்த்துட்டுத் திரும்பிடுது.

கணக்குத் தெரியாத ஜனமா நாங்க? தூத்துக்குடியில முத்துக் குளிச்சவங்க ஆழத்தைப் பாகத்தால அளந்தாங்க. நீட்டின ரெண்டு கை அகலம் ஒரு பாகம், 6 அடி. 10 பாகம் இறங்கினா 18 மீட்டர். கரையில இருக்கிறதைப் போல 2.8 மடங்கு அழுத்தம் காதை அமுக்கும். கடைசி முத்துக்குளிப்பு 1961ல. அதுவரை தோணியில கயிறு பிடிச்சவருக்கும் கடலடியில இருந்தவருக்கும் அளவு ஒண்ணுதான்.

மெட்ரிக் சட்டம் 1956ல வந்தாச்சு, 1958 அக்டோபர்ல நடைமுறைக்கு வர ஆரம்பிச்சது. ஆனா பாபநாசம் அணை 143 அடின்னுதான் அதிகாரிகளே இன்னிக்கும் சொல்றாங்க. அணைக்கு அடி ஆகும், சம்சாரி சொன்னா மட்டும் அறியாமையா?

மோட்டார்த் தகட்டில் மீட்டருக்குப் பக்கத்துல அடியையும் போடு. 4 கிலோ குழாயில் ‘131 அடி’ன்னு சேர்த்து அச்சடி. கடைக்காரர் பில்லுல வெறும் ‘100’ன்னு எழுதாம, அடியா மீட்டரான்னு எழுதணும். சில கம்பெனி விலைப்பட்டியல்ல ரெண்டு அளவும் இருக்கத்தானே செய்யுது, மத்தவங்களுக்கு மையா தீர்ந்துபோச்சு?