நீதியரசர் இரத்தினவேல் பாண்டியன்: படத்துக்கு மாலை போட்டால் போதுமா?



மறைந்த நீதியரசர் எஸ். இரத்தினவேல் பாண்டியன் அவர்கள் நம் தாமிரபரணிக் கரைக்காரர். திருநெல்வேலி மாவட்டம் திருப்புடைமருதூரில் 1929-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் நாள் பிறந்தவர். அந்த ஊரைத் தொட்டு வரும் ஆற்றுத் தண்ணீர்தான் கடலுக்குப் போகும் வழியில் நம் ஏரலையும் தொட்டுப் போகிறது. வழக்கறிஞராகத் தொழிலைத் தொடங்கிய அவர், 1974-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1988 முதல் 1994 வரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தார். 2018 பிப்ரவரி 28-இல் சென்னையில் காலமானார்.

மண்டல் வழக்கில் 1992-இல் 27 சதவீத இடஒதுக்கீட்டை ஏற்றுத் தீர்ப்பளித்தவர்களில் ஒருவர் என்று அவரைப் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஐந்தாவது ஊதியக் குழுவின் தலைவர் என்று அரசு ஊழியர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். சரி, மளிகைக் கடை வைத்திருப்பவருக்கும் மண்டிக்காரருக்கும் அவர் என்ன செய்தார்? இந்தக் கேள்விக்கு நம்மில் பலருக்கு விடை தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய விடை அது.

1990 நவம்பர் 21-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஹரியானா மாநில அரசுக்கும் அந்த மாநிலத்தின் முன்னாள் முதல்வர் பஜன்லாலுக்கும் இடையிலான வழக்கு அது. தீர்ப்பை எழுதியவர் நம் நீதியரசர். வழக்கு வடநாட்டு அரசியல்வாதியைப் பற்றியதாக இருந்தாலும், அதில் சொல்லப்பட்ட சட்டம் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் பொருந்தும். அதற்கு இரண்டு பக்கங்கள் உண்டு.

முதல் பக்கம்: போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் நடந்ததாக ஒருவர் புகார் கொடுத்தால், நிலைய அதிகாரி அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். "இது நம்பும்படியாக இல்லை" என்று அவரே முடிவு கட்டித் திருப்பி அனுப்பக் கூடாது. கடைப் பூட்டை உடைத்துச் சரக்கை அள்ளிக்கொண்டு போனால், வெறும் மனு ரசீதோடு நம்மை அனுப்பிவிட முடியாது. முதல் தகவல் அறிக்கை போட வேண்டும், அதன் நகலைப் பணம் வாங்காமல் தர வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இது அப்படியே இருக்கிறது. சில வகைக் குற்றங்களில் மட்டும், 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை செய்துகொள்ள இடம் உண்டு. பதிய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் புகாரை அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

இரண்டாம் பக்கம்: பொய் வழக்கிலிருந்து பாதுகாப்பு. எந்தெந்த நிலைகளில் முதல் தகவல் அறிக்கையை உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்று ஏழு வகைகளை அந்தத் தீர்ப்பு வரிசைப்படுத்தியது. சொல்லப்பட்டதெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் குற்றமே ஆகாது என்றால் ரத்து செய்யலாம். புத்தியுள்ள எவரும் நம்ப முடியாத குற்றச்சாட்டு என்றால் ரத்து செய்யலாம். சொந்தப் பகைக்குப் பழிவாங்கத் தொடுத்த வழக்கு என்றாலும் ரத்து செய்யலாம். இன்றும் நாடு முழுவதும் உயர் நீதிமன்றங்கள் இந்த ஏழையும் வைத்துத்தான் அளந்து பார்க்கின்றன. ஆனால் இந்த அதிகாரத்தை மிக அபூர்வமாகத்தான் பயன்படுத்த வேண்டும் என்றும் அவர் எழுதி வைத்தார். அந்த வழக்கிலேயே, உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்த முதல் தகவல் அறிக்கைக்கு மீண்டும் உயிர் கொடுத்தார். ஆனால் விசாரித்த அதிகாரிக்கு முறையான அதிகாரம் இல்லை என்று கண்டு, அந்த விசாரணையை மட்டும் ரத்து செய்தார். முன்னாள் முதல்வர் என்பதற்காகச் சலுகையும் இல்லை, அரசு என்பதற்காக விலக்கும் இல்லை.

இங்கே நமக்குக் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பாக்கி வசூலுக்காகக் காவல் நிலையத்துக்கு ஓடுகிற பழக்கம் வணிகர்களிடமும் இருக்கிறது. கொடுத்த சரக்குக்குப் பணம் வரவில்லை என்றால் உடனே "மோசடி" என்று எழுதிக் கொடுத்து, ஸ்டேஷனில் வைத்துப் பேசி முடிக்கப் பார்க்கிறோம். கடன் தராதது மட்டுமே மோசடி ஆகாது, அது உரிமையியல் வழக்கு. மூன்று ஆண்டுகளுக்குள் சிவில் கோர்ட்டில் தொடுக்க வேண்டும். செக் திரும்பினால், வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாட்களில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். இதில் போலீசுக்கு வேலையே இல்லை. இன்று நமக்காக ஸ்டேஷனில் ஒருவரை மிரட்டும் பழக்கத்தை நாமே வளர்த்துவிட்டால், நாளை அதே நாற்காலிக்கு முன் நம்மை நிறுத்தும்போது யாரிடம் போய் முறையிடுவது?

அந்த நாள் வராது என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் மாவட்டத்துச் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி 2020 ஜூன் 19-இல் பிடிக்கப்பட்ட ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் சில நாட்களில் காவலில் இருந்த நிலையிலேயே உயிரிழந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. தமிழ்நாடெங்கும் வணிகர்கள் கடையை அடைத்தார்கள். ஆனால் போன உயிர் போனதுதான். தீர்ப்புகள் புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது என்பதை நம் மாவட்டம் அவ்வளவு பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும், அவர் வழக்கறிஞரைப் பார்க்கலாம் என்பதெல்லாம் கடைப் பையனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே நம் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். நீதியரசரின் நினைவு நாளில் படத்துக்கு மாலை போடுவது நல்லதுதான். அதோடு இந்த விதிகளை ஒரே தாளில் எளிய தமிழில் அச்சிட்டு, உறுப்பினர் கடைதோறும் கொடுக்க வேண்டும். இரவில் கூப்பிட்டாலும் வரக்கூடிய ஒரு வழக்கறிஞரைச் சங்கமே ஏற்பாடு செய்ய வேண்டும். உறுப்பினரை நிலையத்துக்கு அழைத்தால், நிர்வாகிகளில் இருவர் உடன் போவதை வழக்கமாக்க வேண்டும். பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

எடைக்கல் கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் ஒரே மாதிரி நிற்க வேண்டும். அப்படி ஒரு எடைக்கல்லைச் சட்டத்தில் செய்து வைத்துவிட்டுப் போனவர் நீதியரசர் இரத்தினவேல் பாண்டியன். அதைத் தராசில் எடுத்து வைப்பது நம் வேலை.