பதிப்புரிமை யாருடைய உரிமை?

பதிப்புரிமையைத் தொட்டால் படைப்பாளியின் வயிற்றில் அடிப்பதாகும் என்போர், அவ்வுரிமை யார் கையில் உள்ளது என்பதை மட்டும் சொல்வதில்லை. 1948-இல் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றபோது எதிர்ப்புத் தெரிவித்தவர், அப்பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை விலைக்கு வாங்கியிருந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார். எழுத்தாளர்கள் கிளர்ந்தனர், 1949-இல் அரசு அவ்வுரிமைகளைப் பெற்றது. கவிஞர் மறைந்து 28 ஆண்டுகள் கழித்தே அவர் பாடல் விடுதலை பெற்றது.

2012-இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு பிரான்சிஸ் பதிப்பகங்கள் தில்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும், அதன் வளாகத்திலிருந்த ஒரு ஜெராக்ஸ் கடையின் மீதும் வழக்குத் தொடுத்தன. 2016-இல் தில்லி உயர்நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. பதிப்புரிமை இயற்கை உரிமையன்று, சட்டம் வகுத்த உரிமையே என்றது. கற்பித்தலுக்காகப் படியெடுப்பதை 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. மேல்முறையீட்டிலும் இக்கொள்கை நிலைத்தது. 2017-இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

இத்தீர்ப்பு கொழிஞ்சாம்பாறைக்கு என்ன பொருள் தருகிறது? மலையாள மாநிலத்தின் எல்லையில் தமிழில் பயிலும் மாணவருக்குத் தமிழ் நூல் வேண்டுமெனில் பொள்ளாச்சியையோ கோவையையோதான் நாட வேண்டும். அங்கும் அந்நூல் அச்சில் இல்லையெனில் எஞ்சும் வழி நகல் ஒன்றே. 1970-இல் மறைந்த எழுத்தாளரின் நூல் 2030 முடியும்வரை உரிமைக் காப்பில் இருக்கும். உரிமையாளர் மறுபதிப்புச் செய்யாதபோது, பிறரும் அச்சிடலாகாது என்னும் தடை யாருக்குச் சோறிடுகிறது? அரசியலமைப்பின் 19(1)(அ) தரும் கருத்துரிமையில் பேசுவதோடு அறிந்துகொள்வதும் அடங்கும். படிக்கக் கிடைக்காத நூலைப் பற்றி எவரும் மறுத்துப் பேச முடியாது.

வாழும் எழுத்தாளரின் உழைப்பூதியத்தை மறுப்பது இவ்வாதத்தின் நோக்கமன்று. விற்பனையில் உள்ள நாவலை முழுமையாகப் படியாக்கிப் பரப்புவதை 52-ஆம் பிரிவு காக்கவும் இல்லை. ஆயினும் எழுத்தாளரைக் காக்கச் சட்டத்திலேயே உள்ள வழியை எத்தனை பேர் அறிவர்? உரிமை மாற்று ஒப்பந்தத்தில் காலம் குறிக்கப்படாவிடில் அது ஐந்தாண்டுகளே என்கிறது 19-ஆம் பிரிவு. பதிப்பாளரிடம் என்றென்றைக்குமாக விற்றுவிட்டதாகக் கருதும் எழுத்தாளர் முதலில் தம் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்கட்டும். கல்லூரிகளோ, பாடத்துக்குரிய பகுதிகளைப் படியெடுக்கலாம் என நூலகச் சுவரில் எழுதி ஒட்டட்டும். சட்டம் தந்ததை அச்சத்தால் மறுக்கும் நூலகம், வழக்கில் தோற்ற பதிப்பகங்களுக்கு அவர்கள் கேட்காமலேயே வெற்றி தேடித் தருகிறது.