மாடலும் ஆவணமும் ஒரே பதிவில், குடியேறுவோர் கண்ணெதிரே: தாராவி, மாட்டுங்கா, செம்பூர் மறுகட்டுமானம் பற்றி எங்கள் நிலைப்பாடு

ஒரு கட்டடத்தின் முப்பரிமாண மாடலும் அதைப் பற்றிய ஆவணங்களும் ஒரே பதிவில், ஒன்றோடொன்று கோக்கப்பட்டு இருக்க வேண்டும். அந்தப் பதிவைப் பார்க்கும் உரிமை, அங்கே குடியேறப் போகிறவர்களுக்குக் கட்டுமானம் நடக்கும்போதே கிடைக்க வேண்டும். வேலை முடிந்ததும் பதிவு முழுவதும் சொசைட்டியின், அதாவது குடியிருப்போர் கூட்டுறவுச் சங்கத்தின், கைக்கு வந்துசேர வேண்டும். மும்பையில் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்ப் பொறியாளர்கள், டிராஃப்ட்ஸ்மேன்கள், சைட் சூப்பர்வைசர்கள், சொசைட்டி கமிட்டி உறுப்பினர்கள் கூடி எடுத்த நிலைப்பாடு இது.

தாராவியை இடித்துக் கட்டலாமா, யார் கட்டுவது, எத்தனை பேர் தாராவிக்குள்ளேயே தங்குவார்கள் என்ற கேள்விகளில் எங்கள் உறுப்பினர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. இந்த அறிக்கை அவற்றுக்குள் போகவில்லை. ஆனால் வேலை தொடங்கிவிட்டது. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஏலத்தொகையில் அதானி குழுமம் திட்டத்தைப் பெற்றது. மாநில அரசுக்கு 20 விழுக்காடு பங்குள்ள தனி நிறுவனம் 2024 டிசம்பரிலிருந்து நவபாரத் மெகா டெவலப்பர்ஸ் என்ற பெயரில் இயங்குகிறது. 2025 மே மாதம் மாஸ்டர் பிளானுக்கு ஒப்புதல் கிடைத்தது. மும்பையின் ஹஃபீஸ் கான்ட்ராக்டர், அமெரிக்காவின் சசாகி, பிரிட்டனின் பியூரோ ஹேப்போல்ட் என்று மூன்று நாட்டு வல்லுநர்கள் வடிவமைப்பில் சேர்க்கப்பட்டார்கள். இப்படிப் பல ஊர்களில் உட்கார்ந்து ஒரே இடத்தை வரைபவர்கள் காகிதச் சுருளை அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. ஆட்டோடெஸ்க், டிரிம்பிள், பென்ட்லி போன்றவர்களின் கூட்டுப்பணி மென்பொருள்களில்தான் உலகெங்கும் இத்தகைய வேலை நடக்கிறது. மாடல் அதில் இருக்கும். டிராயிங், கடிதம், ஒப்புதல், சோதனை அறிக்கை எல்லாமும் அதே மென்பொருளில் ஏற்றப்படும். கேள்வி, அவை ஒன்றையொன்று அறிந்திருக்கின்றனவா என்பதே.

தாராவியில் அந்தக் கேள்வி வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது. 2024 மார்ச் 18 அன்று கமலா ராமன் நகரில் கணக்கெடுப்பு ஆரம்பித்தபோது, ஒவ்வொரு வீட்டுக்கும் கடைக்கும் தனி எண் கொடுத்தார்கள். சந்துகளை லேசர் கருவியால் அளந்தார்கள். பிறகு வீடு வீடாக வந்து, செல்போன் செயலியில் குடும்ப விவரங்களையும் சான்றுகளையும் ஏற்றிக்கொண்டார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்த தரைத்தளக் குடியிருப்பு என்றால் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, இலவசமாக. அதற்குப் பின், 2011 ஜனவரி 1 வரை என்றால் இரண்டரை லட்ச ரூபாய் கட்டி தாராவிக்கு வெளியே 300 சதுர அடி. அதற்கும் பிந்தியவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும், 2022 நவம்பர் 15 வரை என்ற வரம்போடு, வெளியே வாடகை வீடு, தவணையில் சொந்தமாக்கிக்கொள்ளலாம். ஆக, ஒரு குடும்பத்தின் பழைய மின்கட்டண ரசீதிலும் வாக்காளர் பட்டியல் நகலிலும் உள்ள தேதிதான் அவர்கள் எந்த ஊரில் வாழப்போகிறார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. அந்தத் தேதி ஓர் அலுவலகத்தின் கோப்பில் இருக்கும். அவர்களுக்கான வீடு வேறோர் அலுவலகத்தின் திரையில் உருவாகும்.

இரண்டையும் சேர்ப்பது எது? கணக்கெடுப்பில் கொடுத்த அந்த எண்தான். அந்த எண், தகுதிப் பட்டியலிலிருந்து ஒதுக்கீட்டுக் கடிதத்துக்கும், அங்கிருந்து மாடலில் உள்ள குறிப்பிட்ட வீட்டுக்கும் அறுபடாமல் போக வேண்டும். கிழக்குப் பார்த்த ஏழாம் மாடி வீட்டைத் திரையில் தொட்டால், அது எந்தக் கணக்கெடுப்பு எண்ணுக்கு உரியது, ஒதுக்கீடு எப்போது நடந்தது, அதன் பிறகு அந்த வீட்டின் வடிவம் மாறியதா என்பது தெரிய வேண்டும். ஒதுக்கியபின் மாற்றம் வந்தால் உரியவருக்குத் தானாகவே தகவல் போக வேண்டும்.

மென்பொருளில் எப்போதோ ஒருமுறை இணைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இதைத் தினமும் கையாளும் எங்கள் டிராஃப்ட்ஸ்மேன்கள் அப்படி நினைப்பதில்லை. மாடலில் ஒவ்வொரு சுவருக்கும், கதவுக்கும், அறைக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு. ஐஎஃப்சி என்ற பொதுவடிவக் கோப்பில் அது 22 எழுத்துகள் கொண்டது. ஆவணங்கள் பெரும்பாலும் அந்தக் குறியோடுதான் கட்டப்படுகின்றன. ஒரு மாலை நேரத்தில், குழாய்ப் பாதைக்கு இடம் பண்ணுவதற்காக வரைபவர் ஓர் அறையை அழித்துவிட்டு நான்கு அங்குலம் தள்ளி மறுபடி வரைகிறார். பார்க்க அதே அறைதான். மென்பொருளுக்கு அது புது அறை, புதுக் குறி. பழைய அறையோடு கட்டியிருந்த ஒப்புதல் கடிதமும் ஒதுக்கீட்டுத் தாளும் ஆளில்லாமல் தொங்கும். யாருக்கும் எச்சரிக்கை வராது. எனவே இணைப்பு, மென்பொருள் தரும் குறியை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. வீட்டு எண்ணும் கணக்கெடுப்பு எண்ணும் அறையின் பண்புகளிலேயே எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு ரிவிஷன் வெளியாகும்போதும், அறுந்த இணைப்புகளின் பட்டியலை எடுத்துச் சரிசெய்த பிறகே வெளியிட வேண்டும். அரை நாள் வேலை. அதைச் செய்யாமல் விட்டதால் வரும் வழக்கு பத்து வருடம் ஓடும்.

இங்கே ஓர் எல்லையையும் சொல்லியாக வேண்டும். ஆதார் நகல், சாதிச் சான்று, குடும்பத்தினரின் பெயர், போட்டோ எதுவும் கட்டுமான மென்பொருளுக்குள் வரக்கூடாது. காண்டிராக்டர், துணைக் காண்டிராக்டர், லிஃப்ட் கம்பெனி, கண்ணாடிக்காரர் என்று நூற்றுக்கணக்கானவர்கள் உள்ளே வந்துபோகும் இடம் அது. அங்கே எண் மட்டும் இருந்தால் போதும். எண்ணுக்குரிய ஆள் யார் என்பது தாராவி மறுமேம்பாட்டு ஆணையத்தின் காவலில் தனியே இருக்கட்டும். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கமும் இதுதான்.

அடுத்தது பரப்பளவு. 350 சதுர அடி என்பது ஏறக்குறைய 32.5 சதுர மீட்டர். 5 மீட்டருக்கு 6.5 மீட்டர் என்ற நீள்சதுரமாக வைத்துக்கொள்வோம். சுற்றளவு 23 மீட்டர். மாடலில் சுவரைப் பூச்சில்லாமல் வரைந்து பரப்பைக் கணக்கிட்டால் 350 வந்துவிடும். சைட்டில் உள்பக்கம் 12 மில்லிமீட்டர் பூச்சு ஏறியதும் மூன்று சதுர அடி காணாமல் போகும். மூன்று சதுர அடி என்பது ஒரு தையல் மெஷின் போடும் இடம். மாடல் எந்தக் கோட்டிலிருந்து அளக்கிறது என்பது ஒதுக்கீட்டு ஆவணத்திலேயே எழுதப்பட வேண்டும். பூச்சு முடிந்தபின் அளந்த அளவு அந்த வீட்டின் மாடலோடு சேர்க்கப்பட வேண்டும்.

மாடல் ஒன்று சொல்லி, சைட்டில் வேறொன்று நடப்பதை எங்கள் சூப்பர்வைசர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஸ்லாப் போடுவதற்கு நாள் குறித்தாயிற்று. ஷட்டரிங் ஆட்கள் வேலையை முடித்துவிட்டார்கள், கம்பி கட்டியாயிற்று. ரெடிமிக்ஸ் லாரிகள் வாசலில் வரிசையாக நிற்கின்றன. ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்பதால் டிராஃபிக் போலீஸும் வந்தாயிற்று. பிளம்பர் கையில் இருப்பது வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப், ரிவிஷன் 2. ஸ்லீவ்களை அதன்படி வைத்துவிட்டார். டாய்லெட் டக்ட் ரிவிஷன் 4-இல் 150 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது. அது கூட்டு மென்பொருளில் மூன்று வாரமாக இருக்கிறது. காங்கிரீட் இறுகியபின் கோர் கட்டிங் மெஷின் வருகிறது, வைத்த கம்பியை அறுத்துக்கொண்டு ஓட்டை போடுகிறது. அந்த ஓட்டையைச் சுற்றித்தான் ஐந்தாவது மழைக்காலத்தில் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படரும். குற்றம் பிளம்பருடையது அல்ல. புதிய தாள் அவர் கைக்கு வந்து சேருமாறு யாரும் ஏற்பாடு செய்யவில்லை. சைட்டில் ஒட்டப்படும் ஒவ்வொரு டிராயிங்கிலும் கியூஆர் குறி இருக்க வேண்டும் என்று கேட்கிறோம். போனைக் காட்டினால் இந்தத் தாள் நடப்பில் உள்ளதா, பழையதா என்ற ஒரே பதில், இந்தியிலும் மராத்தியிலும் தமிழிலும் வந்தால் போதும். ஸ்லாபுக்கு முன் நிரப்பும் செக்லிஸ்ட்டில் ரிவிஷன் எண்ணுக்கு ஒரு கட்டம் வேண்டும்.

மாடலும் கையெழுத்திட்ட டிராயிங்கும் முரண்பட்டால் எது செல்லும்? இன்றைக்கு ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இதற்குப் பதில் இல்லை. எங்கள் பதில் தெளிவானது: அதிகாரிகள் அங்கீகரித்து முத்திரையிட்ட டிராயிங்தான் செல்லும். மாடலை அதற்கேற்பத் திருத்த வேண்டும், அல்லது முறைப்படி புது அங்கீகாரம் வாங்க வேண்டும். 2018-இல் வெளியான ஐஎஸ்ஓ 19650 தரம் எந்தக் கோப்பும் நான்கு நிலைகளில் ஒன்றில் இருக்க வேண்டும் என்கிறது: வேலை நடப்பது, பகிர்ந்தது, வெளியிட்டது, காப்பகத்தில் வைத்தது. ஒருவர் வரைந்ததை இன்னொருவர் சரிபார்க்காமல் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போக முடியாது. இந்த ஒழுங்கு மாடலுக்கு ஒன்று, கடிதத்துக்கு ஒன்று என்று பிரிந்திருந்தால் பயனில்லை.

தாராவிக்கு மட்டும் உரிய ஒரு விஷயம் எங்களைக் கவலைப்பட வைக்கிறது. விடியும் முன் இட்லி அவித்து நகரமெங்கும் கொண்டுபோகும் நம் ஆட்கள், அப்பளம் இடும் பெண்கள், தோல் பட்டறைகள், கும்பார்வாடாக் குயவர்களின் சூளைகள் எல்லாம் ஆவணத்தில் ‘வணிக இடம்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைபட்டுப்போகும் ஆபத்து இருக்கிறது. இட்லிக் கடைக்கு ஆவி வெளியேற வழி வேண்டும், கிரைண்டர் கழுவும் தண்ணீருக்குச் சாய்வான தரையும் அகலமான வடிகாலும் வேண்டும். அப்பளத்துக்கு வெயில் விழும் திறந்த இடம் வேண்டும். கணக்கெடுப்பில் தொழிலின் பெயர் எழுதப்பட்டிருக்கலாம். அது மாடலில் அந்த இடத்தின் பண்பாக ஏறாவிட்டால், குழாய் வடிவமைக்கும் பொறியாளருக்கு அது தெரியவே வராது. அவர் எல்லாக் கடைக்கும் ஒரே அளவு குழாயைத்தான் போடுவார்.

தீப்பாதுகாப்புக்கும் இந்தப் பதிவு வேண்டும். செம்பூரில் ஒன்று நடந்தது. 2018 டிசம்பரில் திலக் நகரின் பலமாடிக் குடியிருப்பு ஒன்றில் பிடித்த தீயில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள், முதியவர்கள்தான் அதிகம். அதற்கு முந்திய ஆண்டு, 2017 ஜூன் 14 அன்று, லண்டனில் கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் மாண்டார்கள். அதன் பிறகு ஜூடித் ஹாக்கிட் தலைமையில் நடந்த ஆய்வு, உயரமான கட்டடங்களின் வடிவமைப்பிலிருந்து பராமரிப்பு வரையிலான தகவல் அறுபடாமல் மின்வடிவில் காக்கப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2022-இல் பிரிட்டன் அதைச் சட்டமாக்கியது. நம் பகுதிகளில் நான்கு மாடி சொசைட்டிகள் இருந்த இடத்தில் இருபது, முப்பது மாடிகள் எழும்புகின்றன. தீயணைப்புப் பம்ப் எந்த வால்வோடு இணைந்திருக்கிறது, கடைசியாக எப்போது சோதித்தார்கள், தீத்தடுப்புக் கதவுக்கு யார் சான்று தந்தார்கள் என்று கேட்டால் கமிட்டிச் செயலாளர் இரும்பு பீரோவைத் திறந்து தேடுகிறார். அந்தப் பம்பின் மேல் விரலை வைத்தால் சான்றும் சோதனைத் தேதியும் வர வேண்டும் என்பது ஆடம்பரக் கோரிக்கை அல்ல.

2016-இன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (ரேரா) 17-ஆம் பிரிவில், உள்ளூர்ச் சட்டம் எதுவும் இல்லாதபோது கட்டுமானம் முடிந்த சான்று கிடைத்த 30 நாளுக்குள் ஆவணங்களையும் பிளான்களையும் சங்கத்திடம் ஒப்படைக்கச் சொல்கிறது. மாடலும் அந்தப் பிளான்களில் சேர்ந்தது என்று மாநில ஒழுங்குமுறை ஆணையமான மகாரேரா தெளிவுபடுத்த வேண்டும் என்று கோருகிறோம். மறுவாழ்வுக் கட்டடங்களில் குடியேறுபவர்களுக்கும், அவர்கள் பணம் கொடுத்து வாங்கவில்லை என்ற காரணம் சொல்லாமல், அதே உரிமையைத் தாராவி மறுமேம்பாட்டு ஆணையமும் குடிசை மறுவாழ்வு ஆணையமும் தர வேண்டும். தருவது எந்த வடிவில் என்பதும் முக்கியம். மென்பொருள் சந்தா நின்றதும் திறக்காத கோப்பால் யாருக்கும் பயனில்லை. மாடல் ஐஎஃப்சியில், ஆவணங்கள் பிடிஎஃப்பில், எது எதோடு சேர்ந்தது என்ற அட்டவணை சாதாரண விரிதாளில் வேண்டும்.

இதற்கெல்லாம் செலவாகுமே என்று பில்டர்கள் சொல்வார்கள். மாடல் ஏற்கெனவே செய்யப்படுகிறது. இரும்பையும் காங்கிரீட்டையும் அதிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள். நாக்பூர் மெட்ரோவில் மகா மெட்ரோ, மாடலோடு கால அட்டவணையையும் செலவுக் கணக்கையும் இணைத்தே வேலை செய்தது. நம் மாநிலத்திலேயே முடிந்த காரியம். ரயில் பாதைக்குச் செய்ததை வீட்டுக்கும் செய்ய முடியும். சாதாரண மக்கள் மாடலைப் பார்த்து என்ன புரிந்துகொள்வார்கள் என்றும் கேட்கிறார்கள். பத்தடிக்குப் பத்தடி இடத்தில் பரண் கட்டி, பரண்மேல் சமையல், கீழே தொழில் என்று ஒவ்வோர் அங்குலத்தையும் திட்டமிட்டு வாழ்ந்த மக்களுக்கு அறையின் அளவும் கதவு திறக்கும் திசையும் நன்றாகவே புரியும். தமிழ், மராத்தி, இந்தி, உருது தெரிந்த உதவியாளரோடு ஒவ்வொரு செக்டாரிலும் ஒரு பார்வை மையம் திறந்தால் போதும்.

மாட்டுங்கா, செம்பூர் சொசைட்டிகள் ஆணையங்களின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 79ஏ பிரிவின் கீழ் 2019 ஜூலை 4-இல் வந்த அரசாணைப்படி டெவலப்பரைத் தேர்ந்தெடுப்பது சொசைட்டிதான். ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது என்பதில் கையெழுத்துக்கு முந்திய நாள் வரை அதற்குப் பிடி இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தில் கீழ்க்கண்ட வாசகத்தைச் சேர்க்கும்படி எல்லாக் கமிட்டிகளையும் கேட்டுக்கொள்கிறோம்: “டெவலப்பர், கட்டடத்தின் மாடலையும் அதோடு இணைந்த ஆவணங்களையும் பார்க்கும் வசதியை வேலை தொடங்கும் நாள் முதல் சொசைட்டிக்கும் அதன் ஆலோசகருக்கும் அளிப்பார், அங்கீகரித்த டிராயிங்கிலிருந்து மாறும் எதையும் ஏழு நாளுக்குள் அதில் பதிவார், கட்டியபடி திருத்திய மாடலையும் ஆவணங்களையும் இணைப்பு அட்டவணையையும் திறந்த வடிவக் கோப்புகளாகக் குடியேற்றச் சான்றோடு ஒப்படைப்பார், அதுவரை கடைசித் தவணை வங்கி உத்தரவாதம் விடுவிக்கப்படாது.”