டெபியன் வாக்குச்சீட்டு

தன்னார்வலர்கள் கட்டிக்காக்கும் டெபியன் இயங்குதளத் திட்டத்தில் வாக்காளர் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை; வாய்ப்புகளை 1, 2, 3 என வரிசைப்படுத்துகிறார். எண்ணும்போது ஒவ்வொன்றும் மற்றதோடு தனித்தனியாக மோதும். ஒரே கருத்துடைய இரு தீர்மானங்கள் வாக்கைப் பிரித்துக்கொண்டு தோற்கும் கதை இங்கில்லை. சூட்சுமம் சீட்டின் கடைசி வரியில்: வெகுகாலம் அது 'மேலும் விவாதிக்கலாம்' என்றிருந்தது. பெரும்பாலோர் அதற்குக் கீழே தள்ளிய தீர்மானம் வெல்லவே முடியாது.

ஆனாலும் சச்சரவு ஓயவில்லை. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிறுவனர் ரிச்சர்ட் ஸ்டால்மன் அதன் இயக்குநர் குழுவுக்குத் திரும்பிய விவகாரத்தில் 2021இல் நடந்த வாக்கெடுப்பில், டெபியன் சார்பில் அறிக்கையே வேண்டாம் என்ற வாய்ப்புதான் வென்றது. அப்போதெல்லாம், திட்டத் தலைவர் தேர்தல் நீங்கலாக, இத்தகைய சச்சரவான வாக்கெடுப்புகளிலும் யார் எப்படி வாக்களித்தார் என்பது பெயரோடு வெளியாகும். அந்த வழக்கம், சற்றுத் தாமதமாகவே, 2022இல் இன்னொரு வாக்கெடுப்பால் கைவிடப்பட்டது.