புயல், வெள்ளக் காலத்தில் சிகிச்சை தடைப்படாமல் காப்பது எப்படி? நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்கும் ஒரு விளக்கம்

வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை, தமிழ்நாடு ஆண்டுதோறும் பெருமழையையும் புயலையும் எதிர்கொள்கிறது. உடல்நலத்துடன் இருப்பவருக்கு இரண்டு நாள் மின்தடை ஓர் இடையூறு. டயாலிசிஸ் செய்துகொள்பவர், இன்சுலின் செலுத்திக்கொள்பவர், வீட்டில் ஆக்சிஜன் பெறுபவர் ஆகியோருக்கோ அதே இரண்டு நாள்கள் உயிருக்கே ஆபத்தாக அமையலாம். அண்மைக்காலப் பேரிடர்கள் உணர்த்துவது என்ன என்பதையும், அதற்கேற்ப ஒரு குடும்பம் எவ்வாறு ஆயத்தமாகலாம் என்பதையும் இப்பக்கம் விளக்குகிறது.

அண்மைக்காலப் பேரிடர்கள் உணர்த்துவது என்ன?

2023 டிசம்பரில் உருவான மிக்ஜாம் புயல், 5ஆம் தேதி ஆந்திரப் பிரதேசத்தின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. எனினும் அதற்கு முந்தைய இரண்டு நாள்களில் சென்னையின் பல பகுதிகளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை பெய்தது. தென்சென்னையின் தாழ்வான பகுதிகளில் பல நாள்கள் வெள்ளம் வடியவில்லை, மின்சாரமும் இல்லை.

இரு வாரங்களுக்குள், டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில், தென்மாவட்டங்களில் பெருமழை பெய்தது. அப்போது புயல் ஏதும் இல்லை. வளிமண்டல மேலடுக்குச் சுழற்சியே காரணம். தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் ஏறத்தாழ 800 பயணிகளுடன் ஒரு விரைவு ரயில் வெள்ளத்தில் சிக்கி நின்றது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஆயினும் கடலிலிருந்து வெகு தொலைவில், கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையிலும் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது.

இவற்றிலிருந்து பெறத்தக்க பாடங்கள் மூன்று. புயல் வேறிடத்தில் கரையைக் கடக்கிறது என்பதால் நம் ஊருக்கு ஆபத்தில்லை என்று கருதக் கூடாது. உள்மாவட்டங்களும் விதிவிலக்கல்ல. மீட்புப் பணியினர் வந்து சேரச் சில நாள்கள் ஆகலாம். அந்த இடைவெளியைக் கடக்கும் வழி வீட்டிலேயே இருக்க வேண்டும்.

சிகிச்சை தடைப்படுவது எவ்வளவு ஆபத்தானது?

2017 செப்டம்பரில் மரியா சூறாவளி போர்ட்டோ ரிக்கோ தீவைத் தாக்கியபோது, உயிரிழந்தோர் 64 பேர் என்று முதலில் அறிவிக்கப்பட்டது. அடுத்த சில மாதங்களில் வழக்கத்தைவிடக் கூடுதலாக நிகழ்ந்த இறப்புகளையும் கணக்கிட்டபின் அவ்வெண்ணிக்கை 2,975 எனத் திருத்தப்பட்டது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் வீடு வீடாக நடத்திய கணக்கெடுப்பில், சூறாவளிக்குப் பிந்தைய இறப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, மருத்துவச் சேவை தாமதமானதாலோ தடைப்பட்டதாலோ நேர்ந்தவை எனக் குடும்பத்தினர் தெரிவித்தனர். மழையும் காற்றும் ஓய்ந்த பின்னரும் ஆபத்து நீடிக்கிறது என்பதே இதன் பொருள்.

முன்னேற்பாடு பலன் தரும் என்பதற்கும் சான்று உண்டு. 2012இல் சாண்டி சூறாவளி அமெரிக்காவின் நியூயார்க், நியூஜெர்சி பகுதிகளைத் தாக்குமுன், டயாலிசிஸ் நோயாளிகள் பலருக்கு உரிய நாளுக்கு முன்னரே சிகிச்சை அளிக்கப்பட்டது. அவ்வாறு பெற்றவர்களிடையே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவதும், மருத்துவமனையில் சேர்க்கப்படுவதும், அடுத்த 30 நாள்களில் ஏற்பட்ட இறப்பும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன.

எச்சரிக்கை நிறங்களை நோயாளிகள் எவ்வாறு கொள்ள வேண்டும்?

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையில் மஞ்சள் நிறம் கவனித்திருக்கவும், ஆரஞ்சு நிறம் ஆயத்தமாக இருக்கவும், சிவப்பு நிறம் நடவடிக்கை எடுக்கவும் சொல்கிறது. தொடர் சிகிச்சையில் இருப்பவர்கள் எப்போதும் ஒரு படி முந்தி நிற்பது நல்லது.

• மஞ்சள்: மருந்து இருப்பைச் சரிபார்க்கவும், குறைவாக இருப்பின் அன்றே வாங்கவும்.
• ஆரஞ்சு: சிகிச்சை மையத்தைத் தொடர்புகொண்டு முன்தேதியில் வர இயலுமா எனக் கேட்கவும். தாழ்வான பகுதியில் வசிப்போர் உறவினர் வீட்டுக்கோ மேடான இடத்துக்கோ செல்லவும்.
• சிவப்பு: உயிர் காக்கும் தேவைக்கன்றி வெளியே செல்ல வேண்டாம். வெளியேறுமாறு அதிகாரிகள் அறிவுறுத்தினால் தாமதிக்காமல் வெளியேறவும்.

நோய்க்கேற்ற முன்னேற்பாடுகள்

டயாலிசிஸ்: சிகிச்சை தள்ளிப்போகும் நாள்களில் நீர், உப்பு, பொட்டாசியம் மூன்றையும் மருத்துவர் கூறிய அளவுக்குள் கட்டுப்படுத்த வேண்டும். நிவாரணமாக அன்புடன் தரப்படும் வாழைப்பழம், இளநீர், பழச்சாறு ஆகியவை இவர்களுக்குத் தீங்காகலாம். உப்பு-சர்க்கரைக் கரைசலிலும் பொட்டாசியம் உண்டு என்பதால் மருத்துவர் அறிவுரையின்றி அருந்தக் கூடாது. மூச்சுத்திணறல், கடும் தசைத் தளர்ச்சி, நெஞ்சுப் படபடப்பு ஆகியவை தோன்றினால் உடனே 108ஐ அழைக்கவும்.

நீரிழிவு: பயன்பாட்டில் உள்ள இன்சுலின் குப்பியைப் பொதுவாக 30 டிகிரி செல்சியசுக்கு மிகாத வெப்பத்தில் நான்கு வாரம் வரை வைத்திருக்கலாம், மருந்துடன் வரும் குறிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ளவும். மின்சாரம் இல்லாதபோது, நீர் புகாத பையில் இட்டு, ஈர மணல் பரப்பிய மண்பானையில் நிழலான இடத்தில் வைக்கலாம். பனிக்கட்டியின்மீது நேரடியாக வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் பயன்படாது. முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் உணவு குறைந்தாலும் இன்சுலினைத் தாமாக நிறுத்தக் கூடாது. அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். பாத உணர்வு குறைந்தவர்கள் வெள்ள நீரில் வெறுங்காலுடன் நடப்பதைத் தவிர்க்கவும்.

வீட்டில் ஆக்சிஜன்: ஆக்சிஜன் செறிவூட்டி மின்சாரமின்றி இயங்காது. இன்வெர்ட்டர் அதனை எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை மழைக்காலத்துக்கு முன்பே இயக்கிப் பார்த்து அறியவும். மாற்றாக ஒரு சிலிண்டர் தேவை. 1,500 லிட்டர் கொள்ளும் சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் ஏறத்தாழ 12 மணி நேரமே வரும். மின்தடை அதற்குமேல் நீடிக்கும் எனத் தோன்றினால் சிலிண்டர் தீரும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்வதே பாதுகாப்பு. ஜெனரேட்டரை வீட்டுக்குள் இயக்கக் கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

நிறைமாதக் கர்ப்பிணிகள்: பேறுகால நாள் நெருங்கியிருப்பின், மழைக்கு முன்பே மருத்துவமனையில் சேர்வது குறித்துக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பேசவும்.

கையோடு எடுத்துச்செல்லும் பை

• குறைந்தது ஏழு நாள்களுக்கான மருந்துகள், ஊசிகள், சர்க்கரை அளவிடும் கருவி
• மருந்துச் சீட்டு, அண்மைய பரிசோதனை அறிக்கை, மருத்துவக் காப்பீட்டு அட்டை ஆகியவற்றின் நகல்கள், நீர் புகாத உறையில்
• நோய், மருந்தின் பெயர், அளவு, ஒவ்வாமை, மருத்துவரின் எண் ஆகியவை எழுதிய ஒரு தாள்
• டார்ச் விளக்கு, பவர் பேங்க், குடிநீர், நோயாளிக்கு ஏற்ற உணவு

கைப்பேசியில் மட்டும் சேமித்த தகவல், மின்னூட்டம் தீர்ந்தபின் உதவாது. எனவேதான் தாளில் எழுதச் சொல்கிறோம்.

வீட்டுக்குள் நீர் புகுமுன் மின் இணைப்பின் மெயின் சுவிட்சையும், எரிவாயு சிலிண்டரின் ரெகுலேட்டரையும் அணைக்கவும். வெள்ளம் வடிந்தபின் குடிநீரைக் கொதிக்கவைத்தே அருந்தவும். வெள்ள நீரில் நடந்தவருக்குக் காய்ச்சல் கண்டால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்பதால் தாமதிக்காமல் மருத்துவரை அணுகவும்.

குடும்பம் மட்டும் ஆயத்தமானால் போதுமா?

போதாது. சிகிச்சை மையத்தின் ஆயத்தமும் இன்றியமையாதது. அடுத்த முறை செல்லும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள். இம்மையம் மூடப்பட்டால் நான் எங்குச் செல்ல வேண்டும்? இங்குள்ள ஜெனரேட்டர் வெள்ளம் எட்டாத உயரத்தில் உள்ளதா? எச்சரிக்கை வந்தால் என்னை அழைப்பவர் யார்?

வீட்டிலும் ஒரு வினா உண்டு. பராமரிப்பவர் பணியிடத்தில் சிக்கிக்கொண்டால், நோயாளியின் அருகில் இருப்பவர் யார்? ஊசி செலுத்தவும் சிலிண்டரை மாற்றவும் இரண்டாவது நபர் ஒருவருக்கு இன்றே கற்றுக்கொடுங்கள். பக்கத்து வீட்டினரிடமும் நோயாளியின் நிலையைத் தெரிவித்து வையுங்கள். சாலை துண்டிக்கப்படும்போது முதலில் வந்து சேரக்கூடியவர்கள் அவர்களே.

உதவிக்கு: அவசர ஊர்தி 108, மருத்துவ ஆலோசனை 104, மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையம் 1070, மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு மையம் 1077.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான வழிகாட்டுதல்கள். மருந்தின் அளவையோ உணவுமுறையையோ மாற்றுமுன் தங்கள் மருத்துவரின் அறிவுரையைப் பெறவும்.